பகிரங்கத்தில் கிடந்த எச்சரிக்கை

2019 ஏப்ரல் 21ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு காலையில், கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் மாண்ட அந்தக் கோர சம்பவத்தை ஆராயும் எவர் நெஞ்சையும் முதலில் உறுத்த வேண்டிய உண்மை, அதை முன்னின்று நடத்தியவர் தம் துவேஷத்தை ஒருநாளும் மறைத்து வைத்ததில்லை என்பதே.

காத்தான்குடியைச் சேர்ந்த சஹ்ரான் ஹாஷிம் தம் பிரசங்கங்களைத் தமிழிலேயே நிகழ்த்தி, முகநூலிலும் யூடியூபிலும் யாரும் கேட்கும்படி பரப்பிவந்தார். அவற்றைக் கேட்க இரகசியக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. தமிழ் அறிந்த செவியும், கேட்டதைத் தேதியிட்டுக் குறித்துவைக்கும் பொறுமையும் போதும். 2017 மார்ச்சில் அவ்வூர் சூஃபி முஸ்லிம்களோடு நேர்ந்த மோதலுக்குப் பின் அவர் தலைமறைவானார். அவரைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டவர்களும் முஸ்லிம்களே. அவர் குழுவோடு தொடர்புள்ள தடயங்களும் வெளிப்பட்டன: 2018 டிசம்பரில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் சிதைக்கப்பட்டன. 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டத்து வனாத்தவில்லுவில் வெடிபொருள்கள் அகப்பட்டன. ஏப்ரல் 4ஆம் தேதி இந்தியாவிலிருந்தும் எச்சரிக்கை வந்தது. இத்தனையும் ஒன்றோடொன்று சேர்த்துப் படிக்கப்பட்டு, உரிய காலத்தில் நடவடிக்கையாக முடியவில்லை. அந்தக் கடமைத் தவறுக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் நஷ்டஈடு தரவேண்டுமென இலங்கை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

ஊரறிய ஒலிப்பதைக் கூர்ந்து கேட்டு உண்மையை உணர்வது புதிய வித்தையன்று. 1939இல் பிபிசி பிறநாட்டு வானொலிகளைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் பிரிவை ஏற்படுத்தியபோது, அதில் பணிபுரிந்தவர்களுள் வியன்னாவிலிருந்து வந்த கலைச் சரித்திர ஆசிரியர் எர்ன்ஸ்ட் கோம்பிரிச்சும் ஒருவர். 1945 மே மாதத் தொடக்கத்தில், முக்கிய அறிவிப்பு ஒன்றுக்கு முன்னோடியாக ஜெர்மன் வானொலி புரூக்னரின் சிம்பொனி ஒன்றை ஒலிபரப்பியது. அது வாக்னரின் மரணத்தை நினைந்து எழுந்த இசை என்பதை அறிந்திருந்த அவர், ஹிட்லர் இறந்துவிட்டார் என்று அறிவிப்பு வருமுன்னரே ஊகித்துக்கொண்டார். இலட்சம் பேர் கேட்ட இசையின் பொருளை அவருக்கு விளங்கவைத்தது யந்திரமன்று. மொழியிலும் கலாசாரத்திலும் ஊறிய ஞானம்.

ஆயினும், பகிரங்கமாய்க் கிடைப்பதெல்லாம் பிரமாணம் ஆகிவிடாது. குண்டுவெடிப்புக்கு நான்காம் நாள் இலங்கைப் போலீசார் வெளியிட்ட சந்தேக நபர்களின் படங்களுள் ஒன்று, இச்சம்பவத்தோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத, அமெரிக்காவில் படித்துவந்த ஒரு முஸ்லிம் மாணவியுடையது. பிழையை உணர்ந்து போலீசார் வருத்தம் தெரிவித்தனர். அதற்குள் அந்த நிரபராதிக்குக் கொலை மிரட்டல்கள் குவிந்துவிட்டன. ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனால் சோதிக்க வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால்தான் நம்ப வேண்டும் என்றும் திருவள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் வகுத்த விதி, முகநூல் படத்துக்கும் குறைவின்றிப் பொருந்தும்.

ஆகவே, பயங்கரவாதத்தைத் தடுக்க விரும்பும் அரசு, பிரஜைகளின் அந்தரங்கத்தைத் துருவும் அதிகாரத்தை மேன்மேலும் கேட்பதற்கு முன், பகிரங்கமாய்ப் பேசப்படுவதைப் புரிந்துகொள்ளும் மொழியறிவுள்ளவர்களைப் போதிய அளவில் நியமிக்கட்டும். அவர்கள் எழுதும் குறிப்பு யாரிடம் போயிற்று, அதன்மேல் என்ன செய்யப்பட்டது என்பதற்குச் சட்டசபையின் முன் கணக்குக் காட்டட்டும். சரிபார்க்காத பெயரையும் படத்தையும் ஊருக்குக் காட்டாதிருக்கட்டும். தம்மிடையே எழுந்த விஷப் பேச்சைக் கண்டு தாமாகவே முன்வந்து முறையிட்ட மக்கள் இனியும் முறையிட வேண்டுமானால், சொன்னதற்குச் செவிசாய்ப்பார்கள் என்ற நம்பிக்கையும், தம் சமூகம் முழுவதையும் சந்தேகக் கண்ணால் பார்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு அவசியம் வேண்டும்.