மஞ்சள் என்று சொல்ல என்ன வெட்கம்?

விருந்தொன்றில் டிராம்பூயி போத்தல் மேசைக்கு வந்தால், யாராவது ஒருவர் அதன் பெயருக்கு விளக்கம் சொல்லாமல் விடமாட்டார். “கேலிக் மொழி. ‘திருப்தி தரும் பானம்’ என்று அர்த்தம்.” எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் பல வருடம் ஆட்டியிருக்கிறேன், சில இடங்களில் சொல்லியுமிருக்கிறேன்.

சொன்னது தவறு என்று எனக்குப் புரியவைத்தவர் ஹெப்ரிடீஸ் தீவுகளிலிருந்து வந்த ஒரு சக ஊழியர். கேலிக் அவருக்கு வீட்டு மொழி. நான் விளக்கம் சொல்லி முடித்ததும் சிரித்தார். “என் காதில் அது மஞ்சள் டிராம், அவ்வளவுதான்.”

நிறுவனம் சொல்லும் மூலம் ‘அன் ட்ராம் பூயஹ்’. பூயஹ் என்ற சொல்லுக்குக் கேலிக்கில் நிறைவடைந்த, நன்றியுள்ள என்று பொருள். குடித்தவனுக்கு அது பொருந்தும், குடிக்கப்படுவதற்கு எப்படிப் பொருந்தும்? ‘நிறைந்த’ வேறு, ‘நிறைவு தரும்’ வேறு. தன்வினை, பிறவினை படித்த எவருக்கும் இது இடிக்க வேண்டும். அதோடு, அந்தச் சொல்லின் கடைசியில் ‘லொக்’ என்பதில் வருவது போன்ற தொண்டை ஒலி ஒன்று இருக்கிறது. டோர்னொக் போன்ற ஊர்ப்பெயர்களை எழுதியபோது ஆங்கிலம் அந்த ஒலியை விடவில்லை. டிராம்பூயியில் அது எங்கே போயிற்று?

‘பூய’ என்று இன்னொரு சொல் உண்டு. மஞ்சள் என்று பொருள். மல் தீவிலுள்ள லொக்பூயி மஞ்சள் ஏரி. வடமேற்குக் கரையிலுள்ள அக்கில்டிபூயி, வழக்கமான விளக்கப்படி, மஞ்சள் முடிப் பையனின் வயல். இரண்டு ஊர்களும் ஆங்கிலத்தில் இந்தப் போத்தலின் அதே கடைசி எழுத்துகளோடுதான் முடிகின்றன. விஸ்கியில் தேனும் மூலிகையும் வாசனைப் பொருட்களும் சேர்த்தால் வரும் நிறமும் மஞ்சள்தான். ஸ்கை தீவின் பிராட்ஃபோர்டில் விடுதி நடத்திய ஜேம்ஸ் ரோஸ் 1893இல் இந்தப் பெயரை வணிகக் குறியாகப் பதிந்தார். அவர் மனதில் இருந்தது எது, இரண்டையும் வைத்துச் சிலேடை செய்தாரா என்று அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். என் வாக்கு மஞ்சளுக்கு.

‘ட்ராம்’ என்ற முன்பாதியும் கேலிக்கின் சொந்தச் சொத்தல்ல. கிரேக்க திராக்மா லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து மருந்துக்கடை அளவையாகி, அங்கிருந்து மலைநாட்டுக்குப் போனது. நம்மவர் துபாயில் சம்பளமாக வாங்கும் திர்ஹமும் அதே வீட்டுப் பிள்ளைதான். (இதைப் படித்துவிட்டு ‘திரவம்’தான் டிராம் ஆயிற்று என்று யாரும் கட்டுரை அனுப்பவேண்டாம்.)

நண்பர் ஒருவர் என்னோடு சண்டை பிடித்தார். பெயர் ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டால் அது வெறும் பெயர், மூலப்பொருளைத் தோண்டுவது வீண்வேலை என்கிறார். வெறும் பெயராகவே வைத்திருந்தால் எனக்கும் ஆட்சேபமில்லை. வைக்கவில்லையே. பொருள் இருக்கிறது என்று சொல்லித்தானே விற்கிறார்கள்? கேலிக் என்ற மொழியின் மணம் வேண்டும், 1746இல் தோற்று ஓடிய இளவரசர் சார்ள்ஸ் சமையல்குறிப்பைக் கொடுத்துவிட்டுப் போன கதை வேண்டும். அந்த மொழியைப் பேசுகிறவனிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பது மட்டும் வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் ஸ்கொட்லாந்தில் கேலிக் பேசத் தெரிந்தவர்கள் 57,375 பேர், நூற்றுக்கு ஒருவர். கேலிக் பெயர் தாங்கிய போத்தல்கள் உலகத்தின் எந்த விமான நிலையத்திலும் கிடைக்கும்.

விஸ்கிக்கும் இதுதான் நடந்தது. ‘உஷ்கே பெஹா’, உயிர்நீர். ஆங்கிலம் நீரை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டது. ஆனாலும் விஸ்கியைச் சிறிய எழுத்தில் தொடங்குகிறார்கள், அது யாருடைய உடைமையும் அல்ல. டிராம்பூயிக்குப் பெரிய எழுத்து. 2014இல் வில்லியம் கிராண்ட் நிறுவனம் அதை வாங்கியபோது அந்தப் பெரிய எழுத்தும் விலையில் சேர்ந்துதான் போனது. போகட்டும், பெயர் அவர்களுடையது. ‘பூய’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையும் அந்த விலைக்குள் அடக்கமா?

இத்தனை கோபம் எனக்கு ஏன் என்று மனைவி கேட்டாள். காரணம் வீட்டிலேயே இருக்கிறது. எங்கள் மகளின் பெயர் கயல். இரண்டாம் வகுப்பில் ஆசிரியை பெயருக்குப் பொருள் எழுதி வரச் சொன்னபோது, மீன் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று நினைத்து, ‘அழகிய கண்களை உடையவள்’ என்று எழுதிக்கொடுத்தேன். குழந்தைப் பெயர்ப் பட்டியல்களிலும் அப்படித்தானே போட்டிருக்கிறது! விற்பனைக்காரன் செய்ததை நான் இலவசமாகச் செய்தேன்.

அவளுக்கு இப்போது பதினாறு வயது. போன மாதம் ஒரு தமிழ் வாசிப்பில் கயல் என்றால் கெண்டை மீன் என்று கண்டுபிடித்துவிட்டு, “அப்பா, நீங்கள் ஏன் பொய் சொன்னீர்கள்?” என்று கேட்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை.