காலித் தோட்டாவின் மறுபிறவி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு விசித்திரமான காட்சியைக் காணலாம். விடுமுறை நாட்களில் குறி பார்த்துச் சுடும் மைதானத்துக்குப் போகும் கனவான்களில் பலர், சுட்டு முடித்ததும் தரையில் குனிந்து எதையோ பொறுக்குகிறார்கள். வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்தறியாதவர்களும் இதற்கு மட்டும் சலிப்பதில்லை. கைத்துப்பாக்கி ஒவ்வொரு தடவையும் தானாகவே வெளியே வீசி எறிந்த பித்தளைக் கூடுகளைத்தான் அவர்கள் தேடி எடுக்கிறார்கள். தோட்டாவின் பாகங்களில் பொதுவாக விலை அதிகமானது அந்தக் கூடு. பல தடவை உபயோகத்துக்கும் வரும். அதைச் சுத்தம் செய்து, அச்சில் அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டு வந்து, புதிய கேப்பும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்கி விடுகிறார்கள்.

நம் தேசத்தில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்துக்குப் பதிலாக 1959-ல் புதுச் சட்டம் வந்த பிறகும் அதுவே விதி. ஆகையால் நாம் இதை எட்ட நின்று பார்ப்பதோடு சரி. ஆனாலும் பார்க்கத் தகுந்த விஷயம்தான்.

"மருந்தை மேஜைமேல் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் வீடே பறந்து போய்விடாதா?" என்று நேயர்கள் கேட்கலாம். 1884-ல் பிரான்ஸில் பால் வியேய் கண்டுபிடித்த புகையில்லா மருந்தின் சந்ததிதான் இன்றைய மருந்து. திறந்த வெளியில் கொஞ்சம் பற்றிக்கொண்டால் சீறி எரியும். பித்தளைக் கூட்டுக்குள் அடைபட்டால்தான் தன் உக்கிரத்தைக் காட்டும். கேப்புதான் துஷ்டன். அடிபட்டதும் வெடிப்பதே அதன் தொழில். ஆகவே அதைக் கம்பெனிப் பெட்டியிலிருந்து எடுத்து வேறு டப்பாவில் கொட்டி வைக்க மாட்டார்கள். மேஜைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும்; பெயர் தெரியாத மருந்து எவ்வளவு இருந்தாலும் குப்பைக்கே போகும். கண்ணுக்குக் கண்ணாடி உண்டு, சிகரெட் கிடையாது. ஈயத் தூசி கையில் ஒட்டும் வேலையாதலால் அங்கே தின்பண்டமும் கூடாது, குழந்தைகளும் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவியாக வேண்டும்.

இவையெல்லாம் சுலபமான ஜாக்கிரதைகள். அளவுதான் கஷ்டம். மருந்தைக் கிரெயின் கணக்கில் நிறுக்கிறார்கள். நம் தட்டானின் குன்றிமணி இரண்டு கிரெயினுக்கும் சற்றுக் குறைவு. தராசு அவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டும். அதையும் எடைக்கல் வைத்து அடிக்கடி சோதிக்க வேண்டும். மோட்டார் டயருக்குள் சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டு அழுத்தம் இருக்கிறதென்றால், ஜார்ஜ் லூகர் வகுத்த 9 மில்லிமீட்டர் தோட்டாவில் அது 35,000 பவுண்டு வரை போகலாம். அதற்கு மேல் போகாமலிருக்க, அச்சிட்ட புஸ்தகத்தில் கண்ட ஆரம்ப அளவிலிருந்து தொடங்குவார்கள். உச்ச அளவிலே தொடங்குகிறவன் அவசரக்காரன். குண்டைக் கூட்டுக்குள் கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டாலும் இடம் சுருங்கி அழுத்தம் ஏறிவிடும். ஆகையால் நீளத்தையும் அளக்கிறார்கள். பிறகு துப்பாக்கியின் குழலைத் தனியே கழற்றி அதில் தோட்டாவைப் போட்டுப் பார்க்கிறார்கள். 'டக்'கென்று இறங்கி, கவிழ்த்ததும் தானாக வெளியே விழுந்தால் சரி.

கைத்துப்பாக்கி மருந்தில் சிறிது போட்டாலே போதும்; பல சமயம் கூட்டில் பாதிகூட நிரம்பாது. இதனால் ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து போட்டுவிட்டாலும் வழியாது. குண்டை வைத்து மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? டெலிபோன் மணி அடிக்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள், திரும்பி வருகிறோம், எங்கே விட்டோம்? அனுபவசாலிகள் இதற்கு ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். பணியாரக் கல்லைப் போல் ஐம்பது குழிகள் உள்ள பலகையில் கூடுகளை நிறுத்தி, மருந்து போட்டபின் விளக்கைப் பிடித்து எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்கிறார்கள். ஒன்று மேடாகவோ பள்ளமாகவோ இருந்தால் கண்ணில் படாமல் போகாது.

மேட்டுக்குப் பயப்படுவது இயற்கை. பள்ளத்தை அலட்சியம் செய்வதும் அவ்வளவு இயற்கையாய் இருப்பதுதான் விபரீதம். மருந்தே இல்லாத தோட்டா என்ன செய்துவிடும் என்று தோன்றும். கேப்பின் பலம் மட்டுமே குண்டைக் கூட்டிலிருந்து தள்ளிக் குழலுக்குள் மாட்டி வைக்கப் போதுமானது. 'பொத்'தென்று ஒரு சப்தம். கையில் அதிர்ச்சி இல்லை. துப்பாக்கி தானாக இயங்கி அடுத்த தோட்டாவை ஏற்றவும் இல்லை. துப்பாக்கியே தந்த எச்சரிக்கை அது! ஆனால் தகராறு வந்தால் மேல் பாகத்தைப் பின்னுக்கு இழுத்துவிட்டு மறுபடி சுடு என்று பழக்கப்பட்ட கை, யோசிக்குமுன் இழுத்துவிடுகிறது. இப்போது உள்ளே வருவது நல்ல தோட்டா. அடைபட்ட குழலில் அதைச் சுட்டால் குழல் புடைக்கும், அல்லது வெடிக்கும்.

ஆகையால் சப்தம் மெலிந்த அந்தக் கணத்திலேயே விரலை எடுத்துவிட வேண்டும். குழல்வாயை மைதானத்தின் குறிப்பக்கமே வைத்துக்கொண்டு சற்றுப் பொறுத்து, தோட்டாக்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பார்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தட்டிக் குண்டை வெளியேற்றுவார்கள். அன்றைக்குச் சுட்டது அவ்வளவுதான். அதே நாளில் அதே மேஜையில் தயாரான மற்றத் தோட்டாக்களை வீட்டுக்குக் கொண்டுபோய், குண்டு வேறு, மருந்து வேறாக ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பார்க்க ஒரு மாலைப்பொழுது பிடிக்கும்.