சுங்கைப்பட்டாணிக் கணக்குக்கு எதற்குக் 'கேஎல்'?

மேபேங்க்கின் ஸ்விஃப்ட் குறியீடு எட்டே எழுத்து: எம்பிபிஇ-எம்ஒய்-கேஎல். முதல் நான்கும் வங்கி, அடுத்த இரண்டும் மலேசியா, கடைசி இரண்டும் கோலாலம்பூர். கணக்கு இருப்பதோ சுங்கைப்பட்டாணியில். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் தலைநகருக்குப் போய்ச் சிக்கிக்கொள்ளுமோ என்று பயந்து, தங்கள் கிளைக்கெனத் தனிக் குறியீடு தேடுகிறவர்கள் கெடாவில் இன்றும் உண்டு. அந்தத் தேடல் தேவையே இல்லை. தலைமையகத்தின் குறியீடு பணத்தை வங்கிவரை கொண்டுவரும். அங்கிருந்து உரியவரிடம் சேர்ப்பது கணக்கு எண். பதினொரு எழுத்து கேட்கும் படிவத்தில் கடைசியில் மூன்று 'எக்ஸ்' சேர்த்தால் போதும்.

இதைச் சொல்லித்தர வேண்டியது யார்? வங்கிதான். ஆனால் பல முகப்புகளில் படிவத்தை நீட்டுவதோடு வேலை முடிந்துவிடுகிறது.

தோட்டத்துத் தமிழர்களுக்கு ஊருக்குப் பணம் அனுப்புவது புதிதல்ல. பினாங்குக் கிட்டங்கிகளில் செட்டியார்கள் எழுதிய உண்டியல் என்ற பணச்சீட்டு கடல் தாண்டிச் செல்லுபடியானது. 1937இல் சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி விரைவிலேயே மலாயாவுக்கும் வந்தது. 1969இல் இந்தியா தன் பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கியபோது சிக்கல் எழுந்தது. அயல்நாட்டு அரசுகளுக்குச் சொந்தமான வங்கிகளை மலேசியச் சட்டம் அனுமதிக்கவில்லை. அதனால் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி ஆகியவற்றின் மலேசியக் கிளைகள் 1973இல் யுனைடெட் ஏஷியன் வங்கியாக ஒன்றிணைந்தன. அது பிறகு பேங்க் ஆஃப் காமர்ஸுடன் சேர்ந்தது. அந்தக் கிளைகளின் வாரிசு இன்றைய சிஐஎம்பி. அதே 1973இல்தான் பெல்ஜியத்தில் 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் கூடி ஸ்விஃப்ட் அமைப்பைத் தொடங்கின. ஸ்விஃப்ட் பணத்தைச் சுமப்பதில்லை. 'இன்னாருக்கு இவ்வளவு கொடு' என்ற செய்தியை மட்டுமே ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குச் சுமக்கிறது.

கெடாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு அனுப்பும்போதுதான் குழப்பம் உச்சத்துக்குப் போகிறது. உணவகத்தில் வேலை செய்யும் தமிழ்நாட்டு இளைஞர், பிள்ளையை இந்தியாவில் மருத்துவம் படிக்க வைத்திருக்கும் கூலிம் பெற்றோர், இருவரிடமும் ஊரிலிருந்து வருவது பெரும்பாலும் ஐஎஃப்எஸ்சி என்ற இந்தியக் கிளைக் குறியீடு. அதை ஸ்விஃப்ட் கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். தப்பு அவர்கள்மீது இல்லை. ஸ்விஃப்ட்டும் பதினொரு எழுத்தில் வரும், ஐஎஃப்எஸ்சியும் பதினொன்றுதான், இரண்டும் நான்கு ஆங்கில எழுத்தில்தான் தொடங்கும். வேறுபாடு ஐந்தாம் இடத்தில். ஐஎஃப்எஸ்சியில் அங்கே எப்போதும் பூஜ்யம் நிற்கும். ஸ்விஃப்ட்டில் நாட்டின் எழுத்து தொடங்கும், இந்தியாவுக்கு 'ஐஎன்'. ஸ்டேட் வங்கி என்றால் எஸ்பிஐஎன்-ஐஎன்-பிபி. அந்தப் 'பிபி' மும்பையைக் குறிக்கிறது.

இந்தியாவில் எல்லாக் கிளைகளுக்கும் ஸ்விஃப்ட் குறியீடு கிடையாது. புதுக்கோட்டைப் பக்கத்துச் சிறிய கிளையில் கணக்கு இருந்தால், அந்நியச் செலாவணி கையாளும் வேறொரு கிளையின் குறியீட்டில் பணம் இந்தியாவுக்குள் நுழையும். பிறகு ஐஎஃப்எஸ்சி அதை ஊர்க் கிளைக்கு அழைத்துப்போகும். ஆகவே இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும், கணக்கு வைத்திருப்பவரே தன் கிளையில் விசாரித்துச் சொல்ல வேண்டும். கூகுளில் முதலில் கண்ணில் படுவதை எழுதுவது ஆபத்து. வங்கியின் சொந்த இணையத்தளமோ ஸ்விஃப்ட் அமைப்பின் தேடல் பக்கமோ நம்பகமானது. குறியீடு ரகசியமும் அல்ல. வாசல் முகவரிபோல யாருக்கும் சொல்லலாம். சொல்லக் கூடாதது கைப்பேசிக்கு வரும் 'டேக்' என்ற ஒருமுறை ரகசிய எண்.

பெயரிலும் பணம் தடுக்கி நிற்கும். மலேசிய அடையாள அட்டையில் 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) போட்டுத் தகப்பன் பெயர் பின்னால் வரும். தமிழ்நாட்டிலோ தகப்பன் பெயர் முன்னால் ஒற்றை எழுத்தாக நிற்கும். பழக்கதோஷத்தில் பெறுபவரின் பெயரை மாற்றி எழுதினால் வங்கி பணத்தை நிறுத்தி வைத்து விளக்கம் கேட்கும். எழுத்துப் பிழையின் வலிமையை உலகமே 2016 பிப்ரவரியில் பார்த்தது. பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணத்தைத் திருடியவர்கள் இலங்கைக்கு அனுப்ப முயன்ற 2 கோடி டாலர், 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லைத் தவறாக எழுதியதால் பிடிபட்டது.

சிங்கப்பூரிலிருந்து வரும் சிறு தொகைகளுக்கு இந்தச் சிரமம் குறைந்துவிட்டது. 2023 நவம்பரில் சிங்கப்பூரின் பேநவ்வும் மலேசியாவின் டூயிட்நவ்வும் இணைந்தபின் கைப்பேசி எண்ணே போதும். பெரிய தொகைக்கும் படிப்புச் செலவுக்கும் பழைய வழிதான்.

ஹார்வர்ட், டப்ளின், விக்டோரியா என்ற கெடாத் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள் இந்த வட்டாரத்து வங்கிகளின் நெடுநாள் வாடிக்கையாளர்கள். பீடோங், கூலிம், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணிக் கிளைகளின் முகப்பில் தமிழில் ஒரே ஒரு தாள் ஒட்டினால் போதும்: தங்கள் வங்கியின் குறியீடு, ஐஎஃப்எஸ்சிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு, இடையிலுள்ள வங்கிகள் பிடிக்கும் கட்டணம். இன்னொன்றையும் அதில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ஸ்விஃப்ட் அனுப்புதலுக்கும் 36 குறிகள் கொண்ட யூஇடிஆர் என்ற தடங்காணும் எண் உண்டு. பணம் தாமதமானால் அதைக் கேட்டு வாங்கி, பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி முகப்பிலேயே கேட்கலாம்.