ஓலையில் ஏறாத பெயர்கள்

டெல்டாக் கிறித்தவர்களின் வாழ்வைச் சொல்லும் நாவல் ஒன்றுக்கு அண்மையில் பரிசு கொடுத்திருக்கிறார்கள். நாற்பது வயது ஆசிரியைக்குக் கடைசி அத்தியாயத்தில் கல்யாணம். அதுவரை அவள் வாழ்ந்ததெல்லாம் வெறும் காத்திருப்பு என்று பரிசுரை சொல்கிறது. நாவலாசிரியர் தன் கதையை எப்படியும் முடிக்கலாம். அந்த முடிவைக் கிறித்தவ அறம் என்று நடுவர்கள் வழிமொழிவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அதுவும் தஞ்சாவூரை முன்வைத்து! சிவகங்கைக் கோட்டையில் 1779இல் எழுந்த ஆலயத்துக்குள் போய் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்கைப் பார்க்கட்டும். புராட்டஸ்டன்ட் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் மரணப் படுக்கையில் இருக்கிறார். தஞ்சை இளவரசர் சரபோஜி அவர் கையைப் பற்றியிருக்கிறார். பக்கத்தில் சக மிஷனரி கெரிக்கே, பள்ளிப் பிள்ளைகள். 1787இல் சாகும் தறுவாயில் துளஜா மன்னர் தன் சுவீகாரப் பிள்ளையான இந்தச் சரபோஜியை ஒப்படைத்தது கல்யாணமே செய்துகொள்ளாத இந்த மனிதரிடம்தான். சக ஊழியரின் மகன் கோலாஃபைப் போதகராக்கியவர் இவர். நெல்லைச் சீமையிலிருந்து கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரைச் சிறுவனாக அழைத்து வந்து ஆளாக்கியவரும் இவர். இந்த வாழ்க்கையில் எது குறைந்தது?

கொள்ளிடத்துக்கு அக்கரையில், ஏலாக்குறிச்சியில் இருந்த கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அவர் பாடிய தேம்பாவணியின் நாயகன் வளன் (சூசை) துறவை நாடியவன். மணம் முடிந்த பிறகும் கணவனும் மனைவியும் கன்னிமை காக்கிறார்கள். தமிழின் பெருங்கிறித்தவக் காப்பியம் இல்லறத்தின் நடுவிலேயே துறவை வைத்திருக்கிறது. நம் விமர்சகர்கள் அதில் சொல்லழகை மட்டும் பொறுக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள்.

ஆனால் கத்தோலிக்கத்திலும் அங்கி அணிந்தால்தான் தனிமைக்கு மரியாதை. அங்கியும் தாலியும் இல்லாதவளை எங்கே உட்காரவைப்பது என்று கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் சபைகள் இரண்டுக்குமே தெரியவில்லை. ஸ்வார்ட்ஸும் இதில் தப்பவில்லை. தஞ்சையில் வாழ்ந்த பிராமண விதவை கிளாரிந்தா, ஆங்கிலேய அதிகாரியோடு மணமின்றி வாழ்ந்ததால் அவளுக்கு ஞானஸ்நானம் மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பின்பே, 1778இல், பாளையங்கோட்டையில் கொடுத்தார். அங்கே ஆலயம் எழுப்பிச் சபையை நிலைநிறுத்தியவள் அந்த விதவைதான்.

கல்யாண ஆராதனைக்குக் கானாவூர்க் கல்யாணக் கதை இருக்கிறது. மணமாகாத வாழ்வை மதிக்கும், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தை, மணமாகாதவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து, ஒரு ஞாயிறாவது முழுதாகப் பிரசங்கியுங்கள். இன்றோ ஆலயத்தில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்கும்போது சபையே திரும்பி இவர்கள் முகத்தைப் பார்க்கிறது. 'ஏற்ற துணை கிடைக்க' என்று கேளாமலே ஜெபக்குறிப்பில் பெயர் ஏறுகிறது. வரதட்சணை பேசி முடித்த சம்பந்தத்தைத் தேவசித்தம் என்று அதே பீடத்திலிருந்து ஆசீர்வதிக்கிறார்கள். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, நோயாளிகளைப் பார்ப்பது என எல்லாவற்றையும் மணமாகாத ஆசிரியையின் தலையில் கட்டுகிறார்கள். சேகரக் கமிட்டியில் அவள் வாய் திறந்தால் மட்டும், குடும்பம் நடத்தத் தெரியாதவளுக்கு என்ன தெரியும் என்கிறார்கள்.