யார் எழுதிய வரி அது?

மாடல் பிராக்டிகலுக்கு முந்தின நாள் சாயங்காலம். எங்க டிபார்ட்மென்ட் லேப் சர்வரை அப்கிரேடு பண்ற வேலை என் தலையில் விழுந்தது. "ரெண்டு கமாண்டுதான்டா, அடிச்சு விட்டுட்டு போய் டீ குடி" என்று சொல்லிவிட்டு, சீனியர் அண்ணன் பிளேஸ்மென்ட் டெஸ்டுக்குக் கிளம்பிவிட்டார்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், அப்கிரேடு பாதியில் நின்றுகொண்டிருந்தது. திரையில் ஒரு கேள்வி. இந்த கான்ஃபிக் ஃபைலை நீங்களோ ஒரு ஸ்கிரிப்டோ மாற்றியிருக்கிறீர்கள், பேக்கேஜ் தயாரித்தவரும் புதுசு ஒன்று அனுப்பியிருக்கிறார், எதை வைத்துக்கொள்வது? கீழே ஒய், என், டி, இசட் என்று எழுத்துகள். நான் எதையும் மாற்றவில்லையே! புதுசு என்றால் நல்லதாகத்தானே இருக்கும்? 'ஒய்' அடித்தேன். மிச்ச அப்கிரேடு மளமளவென்று முடிந்தது.

மறுநாள் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் லேப். ஃபோர்க் புரோகிராம் எழுதிய ஒருத்தன், நிற்காத லூப்புக்குள் ஃபோர்க்கைப் போட்டுவிட்டான். வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் செய்கிற தப்புதான். வழக்கமாக அவனுக்கு மட்டும் எரர் வரும். அன்றைக்கு சர்வரே உறைந்துபோனது. பவரை அணைத்துப் போட வேண்டியதாயிற்று. சேவ் பண்ணாத எல்லார் கோடும் போச்சு. ஒரு பொண்ணு கண்ணு கலங்கி உட்கார்ந்திருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

நான் 'ஒய்' அடித்தது லிமிட்ஸ் டாட் கான்ஃப் என்ற ஃபைலுக்கு. ஒரு மாணவர் ஒரே நேரத்தில் இத்தனை பிராசஸ்தான் ஓட்டலாம் என்று ஒரு வரியை எந்தக் காலத்திலோ ஒரு சீனியர் அதில் எழுதி வைத்திருந்தார். ஏன் எழுதினார் என்று பக்கத்தில் ஒரு கமென்ட்கூட இல்லை. வேடிக்கை என்னவென்றால், பேக்கேஜோடு வரும் அசல் ஃபைலிலேயே 'ஸ்டூடன்ட்' குரூப்புக்கு பிராசஸ் வரம்பு 20 என்று ஓர் உதாரண வரி உண்டு. ஆனால் முன்னால் ஹேஷ் குறி போட்டிருப்பதால் அது வேலை செய்யாது.

அவசரப்பட்டது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியைத் தொல்லை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. டெபியன், உபுண்டு இரண்டிலும் பேக்கேஜை நிறுவுகிற டிபிகேஜி, அதைச் சும்மா கேட்பதில்லை. போன தடவை வந்த அசல் ஃபைலின் எம்டி5 கையொப்பத்தை அது குறித்து வைத்திருக்கும். அப்கிரேடின்போது அதோடு இப்போது டிஸ்கில் இருப்பதையும், புதிதாக வந்திருப்பதையும் ஒப்பிடும். நீங்கள் கை வைக்கவில்லை என்றால், சத்தமில்லாமல் புதுசு போய் உட்காரும். தயாரித்தவர் மாற்றவில்லை என்றால், உங்களுடையது அப்படியே இருக்கும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால் மட்டும்தான் கேள்வி. அதாவது, மெஷினால் முடிவெடுக்க முடியாத இடத்தில் மட்டும் மனுஷனைக் கூப்பிடுகிறது. மரியாதையான பழக்கம்தானே?

ரெட் ஹேட் குடும்பத்தின் ஆர்பிஎம் கேட்கவே கேட்காது. பேக்கேஜ் செய்தவர் எழுதி வைத்ததைப் பொறுத்து, உங்கள் ஃபைலை வைத்துக்கொண்டு புதியதை 'ஆர்பிஎம்நியூ' என்ற வாலோடு பக்கத்தில் போடும். இல்லையென்றால் புதியதைப் போட்டுவிட்டு உங்களுடையதை 'ஆர்பிஎம்சேவ்' ஆக்கிவிடும். ஆர்ச் லினக்ஸில் 'பேக்நியூ'. அந்த வால் முளைத்த ஃபைல்களை யாராவது தேடிப் பார்த்தால்தான் உண்டு.

"அப்போ எப்பவும் 'என்' அடிச்சுட்டா சேஃப்தானே மச்சி?" என்று கேட்டான் நண்பன். டிபிகேஜியின் டீஃபால்ட்டும் அதுதான். ஆனால் அதுவும் எப்போதும் பாதுகாப்பு இல்லை. டெபியன் 7-லிருந்து 8-க்குப் போனபோது அப்பாச்சி 2.2 போய் 2.4 வந்தது. பழைய மெயின் கான்ஃபிக்கில் இருந்த 'லாக்ஃபைல்' என்ற கட்டளை 2.4-ல் கிடையாது. 'என்' அடித்துப் பழையதை வைத்துக்கொண்டால் சர்வர் ஸ்டார்ட்டே ஆகாது. சரி, 'ஒய்' அடித்தால்? புதிய கான்ஃபிக், 'டாட் கான்ஃப்' என்று பெயர் முடியும் சைட் ஃபைல்களை மட்டும்தான் படிக்கும். வேறு மாதிரி பெயர் வைத்திருந்தால் உங்கள் சைட் காணாமல் போகும். ஒய்யும் தப்பு, என்னும் தப்பு. இரண்டையும் படித்துச் சேர்ப்பது மட்டும்தான் சரி.

நேராக அசல் ஃபைலில் கை வைப்பதற்கு இன்னொரு விலையும் இருக்கிறது. தானாகவே செக்யூரிட்டி அப்டேட் போடும் அனட்டெண்டட் அப்கிரேட்ஸ், இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தால் அந்த பேக்கேஜை வழக்கமான செட்டிங்கில் தொடாமல் விட்டுவிடும். சர்வர் தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். ஓட்டை அப்படியே இருக்கும்.

அதனால் நம்ம லேப்களுக்கு நான் கேட்பது மூன்று விஷயம்.

முதலாவது, கேள்வி வந்தால் முதலில் 'டி' அடியுங்கள். இரண்டு ஃபைலுக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டும். இன்னும் தோண்ட வேண்டுமென்றால் 'இசட்' ஒரு ஷெல் திறந்து தரும். தெரியாமல் 'ஒய்' அடித்துவிட்டாலும் பதறாதீர்கள். பழையது 'டிபிகேஜி-ஓல்டு' என்ற வாலோடு பக்கத்திலேயே இருக்கும். 'என்' அடித்தால் புதியது 'டிபிகேஜி-டிஸ்ட்' ஆக இருக்கும். என் பழைய வரியும் அங்கேதான் கிடந்தது. எனக்குத்தான் தேடத் தெரியவில்லை.

இரண்டாவது, அசல் ஃபைலைத் தொடாதீர்கள். பல புரோகிராம்களுக்கு 'டாட் டி' என்று முடியும் தனி அடைவு இருக்கிறது. உங்கள் வரிகளை அங்கே தனி ஃபைலாகப் போடுங்கள். லிமிட்ஸுக்கும் அப்படி ஒன்று உண்டு; அசல் ஃபைலுக்குப் பிறகு அதையும் படிக்கும். அந்த சீனியர் அங்கே எழுதியிருந்தால், என்னிடம் கேள்வியே வந்திருக்காது. ஆனால் ஒன்று: கேள்வி வராது என்பதால் பிரச்சினையும் வராது என்று அர்த்தமில்லை. கட்டளையின் பெயரே மாறினால் தனி ஃபைலும் உடையும். அதனால் அப்கிரேடு முடிந்ததும் ரூட்டாக இல்லாமல் ஒரு மாணவர் லாகினில் நுழைந்து, வரம்புகள் இருக்கிறதா என்று பாருங்கள். அரை நிமிஷ வேலை.

மூன்றாவது, இடிசி அடைவு முழுவதையும் கிட்டில் வையுங்கள். இதற்கென்றே இடிசி-கீப்பர் என்ற கருவி இருக்கிறது. பேக்கேஜ் நிறுவும் முன்னும் பின்னும் அதுவே கமிட் போட்டுவிடும். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாகும். 'ஏன்' என்பதை மட்டும் நாம்தான் எழுத வேண்டும். ஒரு எச்சரிக்கை: அந்த அடைவில் பாஸ்வேர்டு ஹேஷ்களும் இருக்கும். பந்தாவுக்காக அதை கிட்ஹப்பில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

"டாக்கர் காலத்துல இதெல்லாம் எதுக்கு?" என்று ஒரு கூட்டம் கேட்கும். கன்டெய்னருக்கு வெளியிலிருந்து ஒரு பழைய கான்ஃபிக்கை மவுண்ட் பண்ணிவிட்டு இமேஜ் வெர்ஷனை மட்டும் மாற்றினால், அதே மோதல்தான் நடக்கும். அங்கே நிறுத்தி "எதை வெச்சுக்கலாம்?" என்று கேட்கக்கூட ஆள் இல்லை.

நம்ம லேப் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் நான்கு வருஷத்தில் ஊருக்குக் கிளம்பிவிடுகிற ஆட்கள். எழுதியவர் ஒருவர், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர், அவரைப் பார்த்தே இராத ஒரு ஜூனியர். அந்தச் சீனியர் தன் வரிக்கு மேலே, "ஃபோர்க் லேபுக்காக, எடுக்காதே" என்று எழுதியிருந்து, நானும் 'டி' அடித்துப் பார்த்திருந்தால், அந்தப் பொண்ணின் கோடு தப்பித்திருக்கும்.

இப்போது அந்த வரி 'டாட் டி' அடைவில் தனி ஃபைலாக இருக்கிறது. மேலே நாலு வரி கமென்ட், நான் எழுதியது. அடுத்து சர்வரைப் பார்த்துக்கொள்ளப் போகிற தம்பி, தங்கச்சி யாராக இருந்தாலும், அதை ஒரு தடவை படிச்சுட்டு அப்கிரேடை ஆரம்பிங்க. டீ அப்புறம் குடிக்கலாம்.