வடிகால் யாருடைய பொறுப்பு?

2024 ஜூலை 13 அன்று, திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் கால்வாயில் குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்புத் துறையினர், தேசியப் பேரிடர் மீட்புப் படையினர், கடற்படை முக்குளிப்போர் எனப் பலரும் தேடினர். மூன்றாம் நாள் உடல்தான் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே சர்ச்சை தொடங்கிவிட்டது. கால்வாயைத் தூய்மைப்படுத்துவது தன் பொறுப்பல்ல என்றது ரயில்வே. ரயில்வே நிலத்துக்குள் ஓடும் பகுதிக்கு ரயில்வேதான் பொறுப்பு என்றது அப்போது இடதுசாரிகள் நிர்வகித்த மாநகராட்சி. ரயில்வேயின் கைகழுவலைக் கண்டித்தது சரியே. எனினும், நகரம் முழுவதும் எறிந்த குப்பைதான் அங்கு வந்து அடைத்திருந்தது என்ற உண்மையை அந்தக் கண்டனத்தால் மறைத்துவிட முடியாது.

இதே வழக்கு நாட்டின் ஒவ்வொரு தெருவிலும் சிறிய அளவில் நடக்கிறது. வரி கட்டுகிறோம், நகராட்சி வந்து அள்ளட்டும் என்கிறார் வீட்டு உரிமையாளர். குப்பையைப் போட்டவர்களே அள்ளட்டும் என்கிறது நகராட்சி. இரண்டிலும் பாதி நியாயம் உண்டு. அந்தப் பாதிதான் சிக்கல்.

வடிகால் என்பது சரிவைக் கொண்டு இயங்கும் ஒரே அமைப்பு. தன் வாசல் வரை தூர்வாரும் வீட்டுக்காரர், மண்ணை அடுத்த வீட்டின் பக்கம் தள்ளுவதைத் தவிர வேறெதையும் சாதிப்பதில்லை. நீர் சென்று சேரும் இடம் தூர்ந்திருந்தால், தெருவே ஒன்றுகூடி உழைத்தாலும் பயனில்லை. ஆகவே தூர்வாருதல், சரிவைக் காத்தல், அள்ளிய சேற்றைக் கரையில் விடாமல் உடனே அகற்றுதல் ஆகியவை பொது நிர்வாகத்தின் கடமைகளே. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கென வகுத்த 18 பொருள்களில் பொதுச் சுகாதாரமும் துப்புரவும் அடங்கும். ‘மக்கள் பங்கேற்பு’ என்ற நம்முடைய சொல்லையே எடுத்து, நிதி ஒதுக்காமல் இந்தக் கடமையைக் குடியிருப்போர் தலையில் இறக்கும் போக்கை ஏற்க இயலாது.

அதற்காக வீட்டுக்காரர் குற்றமற்றவர் ஆகிவிடுவதில்லை. கார் ஏற்றுவதற்காக வடிகால்மீது சிமெண்ட் சரிவு கட்டி, திறப்பே இல்லாமல் மூடிவிடுபவர் அவர்தான். அதே 2024 ஜூலை 27 அன்று, தில்லி பழைய ராஜிந்தர் நகரில் நிலத்தடித் தளத்தில் இயங்கிய நூலகத்துக்குள் வெள்ளம் புகுந்து மாணவர் மூவர் மாண்டனர். வடிகால்களை மூடியிருந்த சரிவுகளை இடிக்க மண்வாரி இயந்திரங்கள் அதன் பிறகே அங்கு வந்தன.

இதைவிடக் கொடியது, கழிவுத்தொட்டியின் வெளியேற்றுக் குழாயை இரவோடிரவாக மழைநீர் வடிகாலில் இணைப்பது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், அபாயகரமான துப்புரவு என்று வரையறுப்பது புதைசாக்கடையையும் கழிவுத்தொட்டியையும் மட்டுமே. சாக்கடை மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. ஆனால் மழைநீர் வடிகாலில் இறங்கும் தொழிலாளி நிற்பது மலத்தில். ஆவணத்தில் அதன் பெயர் மழைநீர். அவர் இறந்தால், அது சாக்கடை மரணம்தானா என்றே அவருடைய குடும்பம் வாதாட வேண்டியிருக்கும். வீட்டுக்காரரின் கள்ளக் குழாயும் நகராட்சியின் ஒப்பந்தமும் அந்த ஒருவரின் உடலில்தான் சந்திக்கின்றன. அவர் எந்தச் சாதியைச் சேர்ந்தவராக இருப்பார் என்பதை நம் நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒப்பந்த முறையின் இலட்சணத்துக்கு மும்பையே போதும். மித்தி ஆற்றைத் தூர்வாரியதில் 65 கோடி ரூபாய்க்கு மேல் முறைகேடு என்று 2025 மே மாதம் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. அள்ளியதாகக் காட்டும் சேறு எங்கே கொட்டப்பட்டது என்று கேட்க அங்கு எந்த வட்டாரக் குழுவுக்கும் வழியிருக்கவில்லை.

குடியிருப்போர் நலச் சங்கங்களில் பணியாற்றும் தோழர்கள் பெரும்பாலும் மனு எழுதுவதோடு நின்றுவிடுகிறார்கள். தம் தெருவில் எத்தனை வீட்டுக் குழாய்கள் வடிகாலில் திறக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது சங்கடமான வேலை. எண்ணினால் சங்கத்தலைவர் வீட்டுக் குழாயும் அதில் வரும், சில வேளை தோழர் வீட்டுக் குழாயும் வரும். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் நகராட்சியிடம் சென்று, பருவமழைக்கு முன்பாகத் தூர்வாரும் ஒப்பந்தத்தின் படியையும், இறங்கப் போகும் தொழிலாளரின் பணி நிலை, பாதுகாப்புக் கருவி, காப்பீடு ஆகியவற்றின் விவரத்தையும் கேட்க முடியும்.