மதிப்பெண் அவர் கையில், நம்பிக்கை நம் கையில்

சீன நாள்காட்டியின் ஏழாம் மாதத்தில் துவாஸ் போன்ற தொழிற்பேட்டைகளில் பல நிறுவனங்கள் படையலிட்டு வழிபடுவது வழக்கம். அங்கு வேலைப் பயிற்சிக்குச் செல்லும் மாணவரிடம் மேற்பார்வையாளர் அன்போடு ஓர் ஊதுபத்தியை நீட்டினால், அவர் என்ன செய்வார்? அவர் முஸ்லிமாகவோ கிறிஸ்துவராகவோ, எந்தச் சமயத்தையும் சாராதவராகவோ இருக்கலாம். மறுத்தால் பயிற்சி மதிப்பீட்டில் எதிரொலிக்குமோ என்ற பயம் எழுவது இயல்பு. தைப்பூசத்துக்கு விடுப்புக் கேட்கும்போதும் இதே தயக்கம்தான். 1968ல் அது பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதால், கேட்டுத்தான் பெறவேண்டியுள்ளது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 20 விழுக்காட்டினர் சமயம் சாராதவர்கள். இந்துக்கள் 5 விழுக்காட்டினர். நமக்கு அமையும் மேற்பார்வையாளரின் நம்பிக்கை நம்முடையதிலிருந்து வேறுபட்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அந்த வேறுபாட்டை வாதிட்டுத் தீர்க்கவும் வேண்டாம், மறைத்து வாழவும் வேண்டாம் என்பது என் கருத்து.

கணிதமேதை ராமானுஜனையும் பேராசிரியர் ஹார்டியையும் பாருங்கள். ராமானுஜன் நாமக்கல் நாமகிரித் தாயாரின் பக்தர். ஹார்டி கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 1914ல் கேம்பிரிட்ஜ் சென்ற ராமானுஜன், தம் சைவ உணவைத் தாமே சமைத்துக்கொண்டார். ஹார்டி அவரிடம் வலியுறுத்தியது கடவுள் மறுப்பை அல்ல, நிரூபணத்தை. சூத்திரம் எங்கிருந்து உதித்தாலும் நிரூபணம் வேண்டும் என்பதே அவர்களின் பொதுவான தளம். 1918ல் இருவரும் சேர்ந்து, ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டுத்தொகையாகப் பிரிக்கலாம் என்பதற்கான சூத்திரத்தை வெளியிட்டனர். 200 என்ற எண்ணுக்கு அது ஏறக்குறைய 4 டிரில்லியன் விதங்கள். மக்மஹோன் என்ற கணித அறிஞர் கையால் கணக்கிட்ட விடையும் சூத்திரத்தின் விடையும் ஒத்துப்போயின. அந்த விடையை ஏற்க பக்தராகவும் இருக்கவேண்டியதில்லை, நாத்திகராகவும் இருக்கவேண்டியதில்லை.

நாமும் இரண்டைப் பிரித்துப் பார்க்கலாம். நம்பிக்கையை மேற்பார்வையாளருக்கு விளக்கவேண்டிய கட்டாயம் நமக்கில்லை. ஆனால் தேவைகளைச் சொல்லியாகவேண்டும். தைப்பூச விடுப்பு, வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம், நோன்புக் காலத்தில் வெயிலில் செய்யும் வேலை, உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றை முதல் வாரத்திலேயே மின்னஞ்சலில் தெரிவிப்பது நல்லது. கடைசி நேரத்தில் கேட்டால் சாக்குப்போக்காகத் தெரியும். வழிபாட்டுக்கு அழைத்தால், “மரியாதையோடு அருகில் நிற்கிறேன், வழிபாட்டில் மட்டும் கலந்துகொள்ளவில்லை” என்று சொன்னால் போதும். அதன் பிறகும் கேலியோ வற்புறுத்தலோ தொடர்ந்தால், பல்கலைக்கழகத்தில் பயிற்சிக்குப் பொறுப்பானவரிடம் பேசத் தயங்கக்கூடாது.

அதிகப் பொறுப்பு மேற்பார்வையாளருக்குத்தான். மதிப்பெண் போடுபவர் சாதாரணமாகக் கேட்கும் கேள்விகூட மாணவரின் காதில் கட்டளையாக விழும். “விருப்பமில்லை என்றால் பரவாயில்லை” என்று அவரே முதலில் சொல்லிவிட்டால், மாணவர் பயமின்றி வேலையைக் கற்றுக்கொள்வார்.